பூஜ்ஜியம்னா இருக்கா, இல்லையா?

விஷுவல் பேசிக் என்று சொன்னாலே எங்கள் காலேஜ் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்குச் சிரிப்பு. "அதெல்லாம் ஒரு லாங்குவேஜா? பி.காம் பசங்க எக்செல்ல மேக்ரோ எழுதறதுக்கு வச்சிருக்கு" என்பார்கள். மக்களே, நானும் பி.காம்.தான். போன மாதம் 20 ரூபாய்க்காக ஒரு பாட்டியிடம் வாங்கிய திட்டு இந்தப் பதிவை எழுத வைத்தது.

முகப்பேரில் சித்தப்பாவுக்கு மளிகைக் கடை. முகவரியில் 'முகப்பேர்' இருந்தால் டெலிவரி இலவசம். இல்லையென்றால் 20 ரூபாய். எக்செல் மேக்ரோவில் 'இன்ஸ்டர்' வைத்துத் தேடினேன், ஒழுங்காக ஓடியது. கொஞ்சம் ஸ்டைலாக இருக்கட்டுமே என்று பிஎச்பிக்கு மாற்றினேன். அங்கே அதே வேலைக்கு 'ஸ்டர்பாஸ்'. வரிக்கு வரி அப்படியே மாற்றினேன்.

"4வது தெரு, முகப்பேர்" என்று எழுதியவர்களுக்கு இலவசம். "முகப்பேர் கிழக்கு" என்று ஆரம்பித்தவர்களுக்கெல்லாம் 20 ரூபாய்! "ரெண்டு தெரு தள்ளி இருக்கேன், எனக்கு எதுக்குப்பா காசு?" என்றார் பாட்டி. நியாயம்தானே?

விபி 1-லிருந்து எண்ணும். முதல் இடத்தில் கிடைத்தால் 1, கிடைக்காவிட்டால் 0. பிஎச்பி 0-விலிருந்து எண்ணும். முதல் இடத்திலேயே கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 'ஃபால்ஸ்'. ஆனால் 'இஃப்' உள்ளே போட்டால் இரண்டும் ஒன்றுதான்! மூன்று சமக்குறி போட்டு "நிஜமாவே ஃபால்ஸா?" என்று கேட்கணுமாம்.

"மேனுவலில் எச்சரிக்கை இருக்கே" என்று வக்காலத்துக்கு வராதீர்கள். கணக்கு எழுதுகிறவனுக்கு 0 என்றால் ஒன்றுமில்லை. 'இருக்கு' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் ஒரே மாதிரி தலையாட்டும் கணக்குப்பிள்ளையை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? இருக்கா இல்லையா என்று மட்டும் சொல்லும் 'ஸ்டர் கன்டெய்ன்ஸ்', 1995-ல் வெளியான பிஎச்பிக்கு 2020-ல், 8-ஆம் பதிப்பில்தான் வந்தது.

விபி ரசிகர்களே, அதற்குள் விசில் வேண்டாம். 'முகப்பேர்' என்பதில் 'பே' எத்தனையாவது எழுத்து? மு, க, ப், பே. நாலு. ஒன்றாங்கிளாஸ் குழந்தை சொல்லும். இன்ஸ்டர் 6 என்கிறது. யூனிகோடில் உகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், அதனால். ஸ்டர்பாஸோ 15 என்கிறது! அது எண்ணுவது பைட்டை. யூடிஎஃப்-8-ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'பே'க்கு முன்னால் 5 குறியீடுகள்.

இதனால் என்ன என்கிறீர்களா? பில்லில் இடமில்லை என்று முதல் 4 எழுத்தை வெட்டச் சொன்னால் விபி 'முகப' என்று புள்ளியை முழுங்கிவிடும். பிஎச்பியின் சாதாரணக் கட்டளை 'ம'வும் ஒரு உடைந்த பைட்டும் தரும்.

பிஎச்பிக்கும் ஒரு நியாயம் சொல்லணும். 2009-ல் வந்த 5.3 பதிப்பிலிருந்து 'கிராஃபீம் ஸ்டர்பாஸ்' கூடவே வருகிறது. அது 3 என்கிறது. 0-விலிருந்து எண்ணினால் சரியான விடை. எக்செல் மேக்ரோவில் அப்படி ஒன்று கிடையாது.

ஆக என் தீர்ப்பு: 'இருக்கா?' என்று கேட்க விபி யோக்கியம். 'எங்கே?' என்று தமிழில் கேட்க பிஎச்பி, அதுவும் சரியான கட்டளையைத் தெரிந்து எடுத்தால் மட்டும். லேபில் 'ஹலோ வேர்ல்ட்' போட்டே தேடிப் பழகுகிறோம். ஆங்கிலத்தில் எழுத்து, குறியீடு, பைட் மூன்றும் ஒன்று என்பதால் எல்லாக் கட்டளையும் பாஸ் ஆகிவிடுகிறது. அடுத்த முறை உங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் போட்டுத் தேடிவிட்டு, அப்புறம் எந்த மொழி பெருசு என்று சண்டைக்கு வாருங்கள்.

டிஸ்கி: பாட்டிக்கு 20 ரூபாய் திருப்பிக் கொடுத்தாச்சு. என் பாக்கெட்டிலிருந்து :-(