செம்புப் பாத்திரம்: சமையலறைக்குத் தேவையா?

உணவு ஆலோசனைக்கு வருவோர் அண்மைக் காலமாக அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் செம்புக்கு மாற்றிவிடலாமா?" நோயுற்றவரைக் கண்ணுங்கருத்துமாகப் பேணும் குடும்பத்தினரே பெரும்பாலும் இதைக் கேட்கின்றனர். மருத்துவச் செலவுகளுக்கிடையிலும் இதற்கெனப் பணம் ஒதுக்க அவர்களைத் தூண்டுவது அன்பே. எனினும் என் கருத்து இதுதான்: சமைப்பதற்காகச் செம்பு வாங்க வேண்டியதில்லை, சில நோயாளிகளுக்கு அது ஆகவே ஆகாது.

செம்பின் சிறப்பை நான் மறுக்கவில்லை. வெப்பத்தைக் கடத்துவதில் அது எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கும் மேல் வல்லது. பாகு காய்ச்சுவோருக்கு இது பெரும் நன்மை. ஆனால் நம் அன்றாடச் சோறும் சாம்பாரும் நீரில் கொதித்து வேகின்றன. கொதிக்கும் நீரே வெப்பத்தைச் சீராகப் பரப்பிவிடுகிறது. செம்புக்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கு அங்கே பயனில்லை.

மறுபுறம், புளி, எலுமிச்சை, தக்காளி, மோர் ஆகியவற்றின் புளிப்பு, செம்பைக் கரைத்து உணவில் கலக்கச் செய்யும். அளவு மிகுந்தால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி உண்டாகும். இதை அறிந்தே நம் முன்னோர் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசினர். அந்தப் பூச்சு நிலையானதன்று. 232 டிகிரி செல்சியஸில் அது உருகிவிடும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் சற்று நேரம் மறந்தாலே போதும். தேயத் தேய மீண்டும் பூச வேண்டும். தெருவில் குரல் கொடுத்து வந்த ஈயம் பூசுவோரை இன்று காண்பதே அரிது.

இன்னோர் இடரும் உண்டு. பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் முற்றிலும் வேறான நச்சு உலோகம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. பூச்சில் அது கலந்திருந்தால் கண்ணால் கண்டறிய இயலாது.

குழந்தைகளைப் பொறுத்தவரை நம் நாட்டின் அனுபவமே நமக்குப் பாடம். இளங்குழந்தைகளின் கல்லீரலைச் சுருங்கச் செய்து உயிரைப் பறித்த ஒரு நோய் முன்பு இந்தியாவில் பரவலாக இருந்தது. பூச்சற்ற செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலுக்கும் அந்நோய்க்கும் தொடர்பிருப்பதை 1980களில் புனேயில் நடந்த ஆய்வுகள் சுட்டிக்காட்டின. அப்பாத்திரங்கள் வழக்கொழிந்தபோது நோயும் அருகியது. பித்தளையிலும் பெரும்பகுதி செம்பே என்பதை மறந்துவிடக் கூடாது.

உடலில் மிஞ்சும் செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்றுவது கல்லீரல். வில்சன் நோய் என்னும் பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களிடம் இவ்வேலை நடைபெறாமல், கல்லீரலிலும் மூளையிலும் செம்பு தேங்குகிறது. அவர்கள் செம்புப் பாத்திரத்தில் சமைத்ததையும் அதில் வைத்த நீரையும் அறவே தவிர்க்க வேண்டும். பித்தநீர் தடைப்பட்ட கல்லீரல் நோயாளிகளும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடக்கூடாது.

"செம்புச் சத்து உடலுக்குத் தேவையல்லவா?" எனச் சிலர் வினவுவர். தேவைதான், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிகிராம். பருப்பு, எள், முந்திரி ஆகியவற்றிலிருந்தே பெரும்பாலோருக்கு அது கிடைத்துவிடுகிறது.

நலமுள்ள பெரியவர்கள், குடிநீரை இரவில் செம்புக் குடத்தில் வைத்துக் காலையில் அருந்துவதில் பொதுவாகத் தீங்கில்லை. களிம்பு ஏறாமல் துலக்கி வைக்க வேண்டும். எலுமிச்சை பிழிந்த நீரையோ மோரையோ அதில் ஊற்றலாகாது. அந்நீரில் சில கிருமிகள் குறையும் என்பது உண்மையே. ஆனால் அது கொதிக்க வைத்த நீருக்கு ஈடாகாது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குக் கொதித்து ஆறிய நீரே உகந்தது.

சமையலுக்கோ, கனமான அடிப்பாகம் கொண்ட எவர்சில்வர் பாத்திரம் ஒன்றே போதும். பாட்டி காலத்துச் செம்பு அண்டா வீட்டில் இருப்பின், விற்றுவிட வேண்டாம்; குளிக்க வெந்நீர் போட அதைவிடச் சிறந்தது வேறில்லை. புதிதாகச் செம்பு வாங்க எடுத்துவைத்த பணத்தை, நோயுற்றவரின் தட்டில் நாள்தோறும் கீரையும் பருப்பும் பழமும் இடம்பெறச் செலவிடுங்கள். உங்கள் அன்பு உரிய இடத்தைச் சென்றடையும்.