இடைச்செருகலும் 2443-ஆம் சேனலும்

இடைச்செருகல் என்றதும் நம்மைப் போன்றவர்களுக்குக் கம்பராமாயணப் பதிப்புகளின் நினைவு வரும். கணக்குப் பாடத்தில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. தெரிந்த மதிப்புகளுக்கு நடுவே தெரியாத ஒன்றைக் கணித்து வைப்பதை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். இலக்கியத்தில் குற்றச்சாட்டாக ஒலிப்பது கணிதத்தில் ஒரு கண்ணியமான முறையின் பெயர். மூளைப் பதிவுகளை ஆராய்வோர் இம்முறையை அன்றாடம் கையாள்கிறார்கள். கணிதத்தின் பொருளில் தொடங்குகிற அந்த வேலை, யாரும் கவனியாத ஓரிடத்தில், இலக்கியத்தின் பொருளுக்குள் நழுவிவிடுகிறது என்பது நம் மனக்குறை.

எம்.ஈ.ஜி. எனப்படும் மூளைக் காந்தப்பதிவை எடுத்துக்கொள்வோம். நரம்பணுக்களில் ஓடும் மின்னோட்டம் தலைக்கு வெளியே மிக மெல்லிய காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பூமியின் காந்தப்புலத்தில் அது பத்துக் கோடியில் ஒரு பங்கு, பல வேளைகளில் நூறு கோடியில் ஒரு பங்கு. டேவிட் கோஹென் 1968இல் இதைக் கம்பிச்சுருள் கொண்டு அளந்து காட்டினார். 1972இல் ஸ்க்விட் எனும் மீக்கடத்து உணரி அவருக்குக் கைகொடுத்தது. பின்னாளில் பரவலான 306 சேனல் கருவியில், தலைக்கவசத்தின் 102 இடங்களில், இடத்துக்கு மூன்றாக உணரிகள் திரவ ஹீலியத்தின் −269 பாகைக் குளிரில் அமர்ந்திருக்கின்றன. இவை அத்தனையும் ஒரே நாளில் ஒழுங்காக வேலை செய்வது அரிது. ஒன்று செத்த கோடாகக் கிடக்கும், இன்னொன்று திடீரெனப் படியேறும், மற்றொன்று காரணம் தெரியாமல் இரையும். தலையில் மின்முனைகளை ஒட்டும் ஈ.ஈ.ஜி.யில் குறைகள் இன்னும் சாதாரணமானவை. பசை உலரும்; வியர்வையால் கோடு அலையும்; பக்கத்துப் பக்கத்து முனைகளின் பசை வழிந்து கலந்து, இரண்டும் ஒரே செய்தியைச் சொல்லத் தொடங்கும்.

எம்.என்.ஈ.-பைத்தான் என்ற திறந்த மென்பொருளோடு ஒரு மாதிரிப் பதிவு தரப்படுகிறது. அம்மென்பொருளின் பாடங்களில் பெரும்பகுதி அதைக் கொண்டே எழுதப்பட்டிருப்பதால், புதிதாக வருபவர்கள் அதில்தான் கைபழகுகிறார்கள். பதிவுக்கு அமர்ந்தவரின் காதில் ஒலி, கண்முன் கட்டம் போட்ட படம், இடையிடையே ஒரு சிரிக்கும் முகம். முகம் தெரிந்தால் பொத்தானை அழுத்தவேண்டும். 306 காந்தச் சேனல்களும் 60 மின்முனைகளும் கொண்ட அப்பதிவில் இரண்டு பெயர்கள் பழுதுப் பட்டியலில் இருக்கின்றன: எம்.ஈ.ஜி. 2443, ஈ.ஈ.ஜி. 053. திரையில் இவை வெளிர்சாம்பல் நிறத்தில், மற்ற கோடுகளுக்குப் பின்னால் ஒதுங்கி ஓடுகின்றன. யாரும் இவற்றை அழிக்கவில்லை. பழுது என்று குறித்து, அப்படியே வைத்திருக்கிறார்கள்.

குறிக்காமல் விட்டால் என்ன? ஈ.ஈ.ஜி.யில் எந்த முனையின் அளவும் வேறொன்றோடு ஒப்பிட்டே சொல்லப்படுகிறது. எல்லா முனைகளின் சராசரியை ஒப்பீட்டுக்கு எடுத்தோமானால், ஒரு முனையின் இரைச்சல் அந்தச் சராசரிக்குள் புகுந்து அத்தனை முனைகளுக்கும் போய்விடும். எம்.ஈ.ஜி.யில் சாமு தவுலுவும் உடன் பணியாற்றியோரும் 2004இல் முன்வைத்த முறை, தலைக்குள்ளிருந்து வரும் புலத்தையும் வெளியிலிருந்து வரும் புலத்தையும் மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளைக் கொண்டு பிரிக்கிறது. அருமையான முறை. ஆனால் எல்லாச் சேனல்களையும் சேர்த்தே கணக்கிடுவதால், குறிக்கப்படாத பழுது ஒன்றை அது நல்ல சேனல்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடும். அதன்பின் கெட்டது எது என்று கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே பழுதைக் கண்டு ஒதுக்குவதே முதல் வேலை. இதில் நமக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஒதுக்கிய பிறகு வெற்றிடத்தை அப்படியே விடலாம், அல்லது சுற்றியுள்ள சேனல்களிலிருந்து கணித்து நிரப்பலாம். ஈ.ஈ.ஜி.க்குத் தலையை ஒரு கோளமாகக் கொண்டு நிரப்பும் முறை 1989இல் வெளியானது; இன்றும் அதுவே பெருவழக்கு. உச்சந்தலைப் பகுதியில் கணிப்பு நன்றாகவே அமையும். ஒரு பக்கத்தில் மட்டுமே அண்டை முனைகள் உள்ள விளிம்பில் அவ்வளவு நம்பமுடியாது. எவ்வளவு நன்றாக அமைந்தாலும் நிரப்பிய கோட்டில் புதிய செய்தி ஏதும் இல்லை. அது அண்டையார் சொன்னதன் கலவை. 60 முனைகளில் மூன்றை நிரப்பினால் கோடுகள் 60 இருக்கும், சாட்சிகள் 57 பேர்தான். இதை மறந்து, பதிவைத் தனித்தனி மூலங்களாகப் பிரிக்கும் கணக்கை 60 என்று வைத்தே ஓட்டினால் விசித்திரமான விடைகள் கிடைக்கும்.

நம் வழக்கு ஒரு சின்ன விஷயத்தைப் பற்றியது. மேற்சொன்ன மென்பொருளில் நிரப்பும் கட்டளையை வேறெதுவும் சொல்லாமல் இட்டால், நிரப்பிய கையோடு அச்சேனலின் பெயரையும் பழுதுப் பட்டியலிலிருந்து அது நீக்கிவிடும். பெயர் அங்கேயே இருக்கவேண்டும் என்றால் நாம்தான் தனியாகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் சாம்பல் கோடு மற்ற கோடுகளின் நிறத்தை அடைந்து, அவற்றுள் ஒன்றாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு அந்தக் கோப்பைத் திறக்கும் மாணவருக்கு, அளந்தது எது கணித்தது எது என்று சொல்ல அந்தப் பட்டியலில் ஒன்றும் இராது.

இப்படி வைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பழுது என்ற முத்திரை நீடித்தால் அடுத்து வரும் கட்டளைகள் அந்தச் சேனலைத் தொடமாட்டா. பிறகு நிரப்பியதன் பயன் என்ன? இருபது பேரின் பதிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது, ஒருவருக்கு நெற்றியில் ஓட்டை, மற்றொருவருக்குப் பிடரியில் ஓட்டை. எல்லோருக்கும் பொதுவாக நல்லவையே வேண்டும் என்றால் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஒப்புக்கொள்கிறோம். (மூளைக்குள் மூலத்தைத் தேடும் கணக்குகளுக்கு நிரப்பவே தேவையில்லை, இருக்கிற சேனல்களே போதும்.) கோளாறு, ‘நல்லது’, ‘கெட்டது’ என்று இரண்டே அறைகள் இருப்பதில் இருக்கிறது. ‘கணித்தது’ என்று மூன்றாவது அறை ஒன்று வேண்டும்.

ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்களுக்குப் பாட்டு இல்லை, எண்கள் இருக்கின்றன. சிதைந்த அடிகளின் இடத்தில் புள்ளிகள் இருக்கின்றன. அவ்விடங்களை இட்டு நிரப்பும் புலமை உ.வே.சா.வுக்கு இல்லை என்று யார் சொல்வார்? கம்பன் கழகப் பதிப்பு ஐயத்துக்குரிய பாடல்களை ‘மிகைப்பாடல்கள்’ என்று தனியே தருகிறது. டி.கே.சி. தம் சுவையையே உரைகல்லாகக் கொண்டு பாடல்களைக் கழித்தார். அவர் ரசனையில் நமக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் கழித்ததற்குச் சுவையைத் தவிர வேறு சான்று அவர் காட்டவில்லை.

எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பது யார் என்ற அந்தச் சிக்கல் இங்கும் உண்டு. 2015இல் வெளியான ஒரு தானியங்கி முறை, ஒவ்வொரு ஈ.ஈ.ஜி. முனையையும் மற்ற முனைகளிலிருந்து கணித்துப் பார்த்து, ஒத்துப்போகாததைப் பழுது என்கிறது. தலைக்கு வெளியே இது பெரும்பாலும் சரியே. மண்டையோடு மின்புலத்தைப் பரப்பிவிடுகிறது. மூளையில் எழும் ஒன்று ஒரே முனையில் தோன்றி அடுத்ததில் அடியோடு மறைவது இயலாத காரியம். ஆனால் வலிப்பு நோய்க்கான அறுவைக்கு முன் சிலருக்கு மூளைக்குள்ளேயே மின்முனைகளைச் செருகிப் பதிவெடுப்பார்கள். அங்கே சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் முனை வேறு கதை சொல்லலாம். அண்டையோடு ஒத்துப்போகாத அந்த ஒரு முனையே வலிப்பு தொடங்கும் இடத்தில் இருக்கலாம். பெரும்பான்மைக்கு ஒவ்வாதது பழுது என்ற விதியை யோசிக்காமல் அங்கே கொண்டுபோனால், மருத்துவர் தேடும் இடமே இரைச்சல் என்று கழிந்துபோகும். அந்தக் கணக்கின் மறுமுனையில் ஒருவர் மண்டை திறந்து படுத்திருக்கிறார்.

ஆராய்ச்சியில் ஆபத்து இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. எதிர்பார்த்த முடிவு வரவில்லை. பதிவுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால் இன்னொரு சேனலும் சற்று அழுக்காகத்தான் இருக்கிறது. அதையும் ஒதுக்கிப் பார்க்கலாமே என்று தோன்றும். இதில் பொய் எதுவும் இல்லை, கோடு மெய்யாகவே அழுக்கானது. முடிவு விரும்பியபடி வந்திருந்தால் அந்த அழுக்கு கண்ணில் பட்டிருக்குமா என்பதே கேள்வி. எனவே பழுதுப் பட்டியலை முடிவு பார்க்கும் முன்பே, யாருடைய பதிவு எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று அறியாத ஒருவர் போட்டுவிடவேண்டும்.

பழுதான சேனல்களை எப்படிக் கண்டோம், அவற்றை என்ன செய்தோம் என்று கட்டுரையில் எழுதவேண்டும் என இத்துறையின் குழு ஒன்று 2020இல் பரிந்துரைத்தது. பதிவுகளைப் பகிர்வதற்கான பிட்ஸ் என்ற கோப்பு ஒழுங்கில் சேனலுக்கு ஒரு வரி உண்டு. நல்லதா கெட்டதா என்று குறிக்க அதில் ஒரு கட்டம், ஏன் என்று எழுத இன்னொரு கட்டம். இரண்டுமே அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டவை. இரண்டாவதைக் கட்டாயமாக்கவேண்டும், கணித்து நிரப்பியதையும் அங்கேயே எழுதவேண்டும் என்பது நம் கட்சி. ‘பசை உலர்ந்தது’, ‘பாதியிலிருந்து தாவுகிறது’ என்று இரண்டு சொல் எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. மாதிரிப் பதிவின் கோப்பைத் திறந்தால் 2443, 053 என்ற இரண்டு பெயர்களும் இருக்கின்றன. அவை ஏன் ஒதுக்கப்பட்டன என்று எழுத அந்தப் பட்டியலில் இடமே இல்லை.