கேளாத செவியோடு தெருவுக்குப் போகலாமா?



விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நம் வாலிபர் ஐக்கியங்களில் வெளி ஊழியத்திற்கான ஆயத்தம் தொடங்குகிறது. அந்த ஆயத்தம் என்னவென்று விசாரித்துப் பாருங்கள். இரண்டு பாடல்கள் பழகப்படுகின்றன. ஒரு குறுநாடகம் ஒத்திகை பார்க்கப்படுகிறது. ஒரே நிறத்தில் பனியன்கள் வாங்கப்படுகின்றன. கைப்பிரதிகள் எண்ணிக் கட்டப்படுகின்றன. ஒரே மாலையில் ஊழியம் முடிந்து, புகைப்படங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகின்றன. மறுநாள் கேட்டால், அந்தத் தெருவில் வாழும் ஒருவருடைய பெயர்கூட நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பேசுவதற்கு அவர்களைப் பழக்கினோம், கேட்பதற்குப் பழக்கவில்லை. இதை ஆயத்தம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

நம் திண்டிவனத்தில் 1890-ஆம் ஆண்டு நடந்ததை நினைவுகூருங்கள். மிஷனெரி மருத்துவர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, நோயுற்ற தாயைக் கவனிக்க அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். இந்தியாவில் ஊழியம் செய்யும் எண்ணமே அவருக்கு இல்லை. ஓர் இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்தார்கள்: ஒரு பிராமணர், ஓர் இஸ்லாமியர், மற்றொரு இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் மருத்துவரை அந்த வீடுகள் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் கற்றவர் அல்லர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மரித்தார்கள்.

மறுநாள் ஐடா அந்தத் தெருக்களில் பிரசங்கிக்கப் புறப்படவில்லை. ஊர் எதைக் கேட்டதோ அதைக் கொடுக்கத் தம்மிடம் ஒன்றுமில்லை என்பதை உணர்ந்தார், அதற்காக ஆயத்தப்பட்டார். 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒரே படுக்கையோடு பணியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் திறந்தார். ஓர் இரவின் கேள்விக்குப் பதில் சொல்ல ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. நம் வாலிபருக்கோ நாம் இரண்டு சனிக்கிழமைகளை ஒதுக்குகிறோம்.

வேதமும் இதையே காட்டுகிறது. நெகேமியா எருசலேமுக்கு வந்து மூன்று நாள் அமைதியாயிருந்தான். பிறகு ஒருவருக்கும் அறிவிக்காமல், இராத்திரியில் இடிந்த மதில்களைச் சுற்றிப் பார்த்தான். அதன் பின்னரே பேசினான். ஆண்டவர் சொன்ன உவமையில் வரும் நல்ல சமாரியன் காயங்களைக் கட்டியதோடு நிற்கவில்லை. திரும்பி வருவேன் என்று சத்திரக்காரனிடம் சொல்லிச் சென்றான். நம் பிள்ளைகள் போன தெருவுக்குத் திரும்பிப் போகிறார்களா?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை பெருக்கெடுத்து, அரசூரில் தேசிய நெடுஞ்சாலையையே மூழ்கடித்தது. இத்தகைய நாளில் அரிசிப் பைக்குள் கைப்பிரதியை வைத்துக் கொடுப்பதை ஊழியம் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். பசித்திருப்பவன் அந்தப் பையை மறுக்க முடியாது. மறுக்க முடியாதவனிடம் திணிக்கப்படும் நற்செய்தி அவன் காதில் நற்செய்தியாக விழுமா? அன்பு தூண்டிலாகிவிட்டால் அது அன்பல்ல.

"ஊர் கேட்கும்வரை காத்திருந்தால் சுவிசேஷம் சொல்லப்படாமலே போகுமே, காலமோ குறுகினது" என்பீர்கள். இது பாரமுள்ள இருதயத்திலிருந்து வரும் கேள்வி. இதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் நம் நம்பிக்கையைக் குறித்து விசாரிப்பவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கவே பேதுரு போதிக்கிறார். தன்னை அறியாதவனிடம் எவரும் தன் நெஞ்சைத் திறந்து விசாரிப்பதில்லை. கேட்கப் பழகுவது சுவிசேஷத்தைத் தள்ளிப்போடுவதாகாது; அதற்கு வழியைச் செவ்வைப்படுத்துவதாகும்.

ஆகையால் மூப்பர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். முதல் மூன்று மாதங்கள் நம் வாலிபர் கைப்பிரதியும் ஒலிபெருக்கியும் இல்லாமல், இருவர் இருவராக ஒரே தெருவுக்கு வாரந்தோறும் போகட்டும். சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் தாயிடமும், கிராம சுகாதாரச் செவிலியரிடமும் ஊரின் குறை என்னவென்று கேட்கட்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் நோயாளிகளோடு காத்துக் கிடப்போருக்கு உதவட்டும். சாதிச் சான்றிதழுக்காக அலையும் இருளர் குடும்பங்களோடு அலுவலகப் படி ஏறட்டும். கேட்டறிந்த பெயர்களைப் பட்டியலாக்காமல், ஜெபத்தில் சுமக்கட்டும்.

அந்த மூன்று மாதங்களில் ஆண்டறிக்கையில் எழுத எண்ணிக்கை இராது. குழுவில் பகிரப் படமும் இராது. உண்மையில் சோதிக்கப்படப்போவது வாலிபரின் பொறுமை அன்று, நம் பொறுமையே. கணக்குக் கேட்காமல் அவர்களை அனுப்ப நம் சபை ஆயத்தமா? வரும் ஞாயிறு ஆராதனைக்கு முன் ஒவ்வொருவரும் தேவ சமுகத்தில் இதற்குப் பதில் சொல்லுவோம்.

கேட்கிற செவியைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.