மூளையுள்ள வண்டி

என் வண்டிக்கு மூளை உண்டு. எனக்கு உண்டா என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு இருக்கிறது; அது தனிக் கதை.

கார்புரேட்டர் இல்லாத எஃப்.ஐ. வண்டி, ஸார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு தெருவுக்குத் தெரு இதுதான். அதற்கு முன்னாலேயே 2006-ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ., 2008-ல் யமஹா ஆர்15 என்று சில வந்தன. என்னுடையதும் அந்தக் காலத்து ஆசாமிதான். கம்பெனி பெயர் எதற்கு, விடுங்கள்.

ஆவணியில் ஆரம்பித்தது வினை. ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்ஜின் ஏறும், இறங்கும், 'குக்' என்று விக்கும், அணைந்துவிடும். நாகலாபுரம் கடைவீதியில் ஒரு மாட்டு வண்டிக்கு ஒதுங்கினேன். ஆஃப்! பின்னாலிருந்து குரல்: "அப்படியே உங்கள மாதிரி. செத்த நேரம் சும்மா இருன்னா தூங்கிருது."

டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். இரண்டு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "மூளை அவுட் ஸார். பதினஞ்சாயிரம் ஆகும்."

கையில் பணம் இருந்தது. ஆனால் அது புரட்டாசி உழவுக்கும் விதைக்கும் எடுத்து வைத்தது. மானாவாரிக்காரனுக்கு ஒரே ஒரு மழை, ஒரே ஒரு விதைப்பு. வண்டிக்குக் கொடுத்துவிட்டுக் கரிசலில் எதைத் தூவுவது?

ஊர் மெக்கானிக் தம்பி சிரித்தான். "மூளைக்குக் கோளாறுன்னா இந்த மஞ்ச வெளக்கு பெரும்பாலும் கண்ணடிக்கும் அண்ணாச்சி. அது சும்மாக் கெடக்கே. அழுக்கையும் ஓட்டையையும் இந்த வண்டி மூளையால பாக்க முடியாது. நாமதான் பாக்கணும்."

முதலில் பாட்டரி. பெட்ரோல் பம்ப்பு, இன்ஜெக்டர், மூளை மூன்றுமே அதன் தயவில்தான் ஜீவிக்கின்றன. மீட்டரில் 12.6 வோல்ட், பழுதில்லை. ஏர் ஃபில்டரைத் தட்டினால் காலடியில் ஒரு கைப்பிடி கரிசல்! த்ராட்டில் பாடியைக் கழற்றினான். ஆக்ஸிலேட்டரை விட்டதும் உள்ளே தட்டு மூடிக்கொள்ள, பக்கத்திலுள்ள சின்ன துவாரம் வழியாகத்தான் இன்ஜின் மூச்சு விடுமாம். அதில் கரி அப்பிக் கிடந்தது. கிளீனர் அடித்து, துணியால் துடைத்தான். (நான் உதவிக்குக் கம்பியை எடுத்தேன், பிடுங்கி எறிந்துவிட்டான்.)

முக்கால்வாசி சரியானது. ஆனாலும் சூடு ஏறினால் மறுபடி ஆட்டம். த்ராட்டிலுக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பரை வளைத்துக் காட்டினான். மயிரிழை வெடிப்பு. அது வழியாகக் கள்ளக் காற்று. மூளை போட்ட கணக்கு ஒன்று, உள்ளே போன காற்று வேறு. அப்புறம் வண்டி எப்படிச் சீராக நிற்கும்?

ரப்பர், கிளீனர், கூலி எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய். "எப்பப் பாத்தாலும் அம்பது ரூவாய்க்குப் போடாதீய. டாங்கிக்குள்ள இருக்கிற பம்ப்புக்கு பெட்ரோல்தான் குளிர்ச்சி" என்று ஒரு குட்டும் வைத்தான்.

விதை உளுந்து வாங்க விளாத்திகுளம் கிளம்பினோம். வழியில் ஆட்டு மந்தை. ஐந்து நிமிஷம் நின்றோம். வண்டி நிற்கவில்லை.

"பரவால்லையே, இது சும்மா இருக்கப் படிச்சிருச்சு" என்றது பின்சீட்டு.