நாடகக் கல்வியும் பொது ஜனங்களும்

மேனாட்டு மறுமலர்ச்சிக் காலத்து இலக்கியத்தையும் நாடகத்தையும் நம் சர்வகலாசாலைகள் நெடுங்காலமாகப் போதித்து வருகின்றன. சென்னைச் சர்வகலாசாலை 1857-ல் ஏற்பட்டது. அன்று முதல் இன்று வரை இம்மாகாணத்தில் ஆங்கில இலக்கியம் கற்றுப் பட்டம் பெற்றவர்களில் ஷேக்ஸ்பியரைப் படியாதவர் அரியர். பாடத்தோடு நில்லாமல் பிரசங்கங்களும், நாடக வாசிப்புகளும், மேடைக் காட்சிகளும் கல்லூரிகளில் நடைபெறுகின்றன. இவை நல்ல காரியங்களே. ஆயினும், இவை யாருக்காக நடைபெறுகின்றன என்பதைச் சற்று ஆலோசிக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

சென்னையிலிருந்து வடக்கே ரயில் மார்க்கமாகச் சுமார் 60 கிலோமீட்டர் சென்றால், தமிழ்நாட்டின் எல்லையில் ஆரம்பாக்கம் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர் அது. அதன் அருகே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அங்கு உழைக்கும் ஒரு தொழிலாளி தம் மகனைக் கல்லூரிக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் ஹாம்லெட்டைப் பற்றிப் பரீட்சை எழுதுகிறான். ஆனால், தான் கற்றது இன்னதென்று வீட்டில் சொல்ல அவனுக்கு மொழியுமில்லை, வழக்கமுமில்லை. கல்லூரியில் நாடகம் நடந்தால் அது ஆங்கிலத்தில் நடக்கிறது. தந்தைக்கு அழைப்பும் இல்லை. பொதுப் பணத்தில் நடைபெறும் கல்வி, வரி கொடுத்தவரின் வீட்டிலேயே தகப்பனையும் பிள்ளையையும் பிரித்துவைப்பது நியாயமாகுமா?

ஷேக்ஸ்பியரின் நாடகம் கற்றோருக்கு மட்டும் உரியதென்று எண்ணுவதைப் போன்ற தவறு வேறில்லை. 1599-ல் லண்டனில் எழுந்த குளோப் அரங்கில் ஒரு பென்னிக் காசு கொடுத்தவர் முற்றத்தில் நின்று பார்க்கலாம். கைத்தொழிலாளரும், வேலை பழகும் பையன்களும், கடைக்காரரும் அங்கே நின்றனர். அவர் நாடகங்கள் அவர்களிடையேதான் வளர்ந்தன. பரீட்சைக்குரிய பாடமாக அவை ஆனது பிற்காலத்தில்தான். அதே லண்டனில் 1597-ல் கிரெஷாம் கல்லூரி தொடங்கியது. கட்டணமின்றிப் பொது ஜனங்களுக்குப் பிரசங்கம் செய்வதே அதன் நோக்கம். அக்காலத்தில் வித்வான்களின் மொழி லத்தீன். அக்கல்லூரியிலோ லத்தீனில் மட்டுமன்றி, நகரத்தாரின் மொழியாகிய ஆங்கிலத்திலும் பிரசங்கங்கள் நிகழ்ந்தன. அன்று லண்டன்வாசிக்கு லத்தீன் எப்படியோ, அப்படியே இன்று ஆரம்பாக்கத்துத் தொழிலாளிக்கு ஆங்கிலம். மறுமலர்ச்சியைப் போதிப்பவர்கள் மறுமலர்ச்சியின் இந்த முதற்பாடத்தை மறக்கலாமா?

ஆங்கிலேயர் ஆட்சி ஒழிந்த பின்னும் ஆங்கில நாடகாசிரியர் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அடிமை மனத்தோடு அவரைத் தொழுவது வேண்டாம் என்பதில் அவர்களோடு நாமும் ஒன்றுபடுகிறோம். ஆனால், எடுத்து நமதாக்கிக்கொள்வது வேறு; தொழுவது வேறு. 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார், அந்நிய ஆட்சிக் காலத்திலேயே ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். வெனிஸ் நகரத்து வணிகனை ‘வாணீபுர வணிகன்’ ஆக்கினார். 1926-ல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட ‘மதங்க சூளாமணி’யில் விபுலானந்த அடிகள் ஷேக்ஸ்பியரின் பன்னிரு நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்தார். இவர்கள் பிறரிடம் கைகட்டி நின்றவர்களல்லர். வேண்டியதைத் தம் உரிமையெனக் கைக்கொண்டவர்கள்.

ஆரம்பாக்கத்துக்கும் அக்காலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அவ்வூருக்குக் கிழக்கே பரந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. அதன் தென்முனையில், ஷேக்ஸ்பியர் உயிரோடிருந்த 1613-ஆம் ஆண்டிலேயே, டச்சுக்காரர்கள் ஜெல்திரியாக் கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் அங்கே நிற்கின்றன. அக்காலத்தின் வாணிபமும் பீரங்கியும் அப்போதே இக்கரையை வந்தடைந்துவிட்டன. அக்காலத்தின் நாடகம் மட்டும் ஏன் வரலாகாது? கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டுக் கப்பல் வருமா வராதா என்று தவிக்கும் வணிகனின் கதை, வட்டியும் ஒப்பந்தமும் அறிந்த தொழிலாளிக்கு விளங்காதா? பேராசிரியர் சிலரைவிட அவருக்கே அது நன்றாக விளங்கும்.

ரசனைக்கும் அங்கே குறைவில்லை. வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தை விடிய விடியக் கண்டு வளர்ந்தவர்கள் நம் ஜனங்கள். திரைச்சீலை ஆடம்பரமில்லாத மேடை, பெண் வேஷத்தையும் ஆடவரே கட்டும் மரபு, சபையோரை நோக்கி நேராகப் பேசும் கட்டியங்காரன் ஆகிய இவற்றையெல்லாம் அறிந்தவருக்குப் பழைய லண்டன் அரங்கு எளிதில் புரியும். அங்கும் காட்சி ஜோடனை குறைவு. பெண் வேஷத்தைப் பையன்களே ஏற்றனர். விதூஷகன் ஜனங்களோடு நேரே பேசினான். ஆகவே கல்லூரி கிராமத்துக்குக் கொடுக்க மட்டும் வருவதில்லை, கற்றுக்கொள்ளவும் வருகிறது.

இது நடக்கக்கூடிய காரியமா என்று ஐயுறுவோருக்கு இலங்கை விடை கூறுகிறது. பேராதனைச் சர்வகலாசாலையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், இரவு முழுதும் ஆடப்பட்டு வந்த மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிச் செம்மை செய்து, மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். 1962-ல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ என அவை வெளிவந்தன. படிக்காதவர் ஆட்டமென்று இகழப்பட்ட கூத்து சர்வகலாசாலையால் மதிப்புப் பெற்றது. சர்வகலாசாலை கூத்தினால் ஜனங்களின் அன்பைப் பெற்றது.

ஆகையால் நாம் கேட்பது மிகச் சிறிது. இந்நாடகங்களைப் போதிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தன் மதிலைத் தாண்டி வரட்டும். வார விடுமுறை நாளில், ஆரம்பாக்கம் போன்ற ஓர் ஊரின் பள்ளி மைதானத்தில், கட்டணமின்றி, தமிழில் ஒரு பிரசங்கமும் ஒரு நாடகமும் நடக்கட்டும். அதே மேடையில் உள்ளூர்க் கூத்துக் குழுவினரும் உரிய சம்மானத்தோடு ஆடட்டும். முதல் ஆண்டு கூட்டம் குறைவாக இருக்கலாம், அதனால் சோர்ந்துவிடலாகாது.

இரவு வேலை முடித்து வந்த தகப்பனார் முன்வரிசையில் அமர்ந்திருக்க, மகன் அமலாதித்யனாக மேடையேறும் நாளே, நம் நாட்டில் நாடகக் கல்வி உண்மையில் தொடங்கிய நாளாகும்.