வீட்டுக் கணக்கு மட்டும் யாரும் கேட்கவில்லை

கோயில் ஆண்டுக்கூட்டத்தில் நம்மை மிஞ்ச ஆளில்லை. பூமாலைக்கு ஏன் இவ்வளவு, உறுமி மேளத்துக்கு யார் விலை பேசியது, பற்றுச்சீட்டு எங்கே என்று துருவித் துருவிக் கேட்போம். இருநூறு வெள்ளி இடித்தால் போதும், கூட்டம் நள்ளிரவைத் தாண்டும். பொதுப்பணம், கேட்க வேண்டியதுதான். ஆனால் அப்படி எழுந்து நின்று கேட்டவர்களில் எத்தனை பேருக்குச் சொந்த வீட்டின் போன மாத வரவும் செலவும் தெரியும்? நிற்கிற கடன் மொத்தம் எவ்வளவு என்று எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்? கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களாகிய நாம் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டிய குறை இது.

திறமை இல்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. 1892 முதல் பத்துமலையில் தைப்பூசம் நடந்து வருகிறது. இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடும் அந்த அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தல் எப்படி நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். எத்தனை மூட்டை அரிசி, எத்தனை கேஸ் தோம்பு, செலாயாங் மொத்தச் சந்தையில் எந்த நாள் போனால் காய்கறி மலிவு, பிரிக்காத மூட்டையைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா, விடியற்காலைப் பந்திக்கு யார் நிற்பது என்று எல்லாமே ஒரு பள்ளிக்கூட நோட்டில் இருக்கும். நோட்டை வைத்திருப்பவர் பெரிய படிப்புப் படித்தவராக இருக்கமாட்டார். ஆனாலும் சாம்பாரில் ஒரு வாளி வீணாகாது. அதே மனிதர் தன் வீட்டுக்குச் சாமான் வாங்கப் போகும்போது கையில் ஒரு துண்டுச்சீட்டு இருக்காது. போன வாரம் வாங்கிய கொத்தமல்லி குளிர்பெட்டியில் அழுகிக் கிடக்க, இன்னொரு கட்டு வந்து அதன்மேல் உட்காரும்.

நம் தாத்தா பாட்டிகள் இப்படி இருக்கவில்லை. தோட்டத்து லயத்தில் கிடைத்த நாள்கூலி ஒருசில வெள்ளிதான். அதிலும் கடைப் பற்று போய்விடும், சில வீடுகளில் கள்ளுக்கடையும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அவர்கள் எல்லாரும் சிக்கனச் சிகாமணிகள் என்று கதை கட்ட வேண்டாம். ஆனாலும் லயத்துக்குப் பின்னால் முருங்கையும் வெண்டையும் நின்றன. வசதிப்பட்டவர்கள் மாடு வைத்துப் பால் விற்றார்கள். 1950-களின் கடைசியில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளிகள் தெருவுக்கு வரும் நிலை வந்தபோது, 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். கொடுத்தார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தில் தொடங்கி, பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் அந்தப் பத்து வெள்ளிகளால் வாங்கப்பட்டன. மரம் சீவியவர்கள் தோட்ட முதலாளிகளானது நம் கண்ணெதிரே இருக்கிற சரித்திரம்.

சரி, அந்தச் சேமிப்புப் பழக்கத்தை நாம் எங்கே விட்டோம்? 1980-களில் நம் சமூகத்தின் முதலீட்டு நிறுவனமென்று மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தபோது, நகையை வைத்தும் கடன் வாங்கியும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 10 கோடி வெள்ளிக்கு மேல் பங்கு வாங்கினார்கள். 2010-இல் வந்து சேர்ந்த விலை ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென். நடத்தியவர்கள் பதில் சொல்ல வேண்டிய விஷயம் அது. நம் பங்குக்கு நாமும் ஒன்று சொல்ல வேண்டும்: பணத்தைக் கொடுத்துவிட்டு, கணக்கை மேடையில் இருப்பவர்களிடமே விட்டுவிட்டோம். சூடு பட்டபின் கற்றுக்கொண்ட பாடமும் தப்பானது. இனிக் கணக்குக் கேட்போம் என்று சொல்லாமல், இனிச் சேமிப்பே வேண்டாம், தங்கம் போதும் என்று சொன்னோம்.

அந்தத் தங்கமும் நம் கையில் தங்குகிறதா? பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் வாங்கிய சங்கிலி, தீபாவளிக்குக் கழுத்தில், தை மாதம் அடகுக் கடையில். சட்டப்படி அடகு வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டு, தவணை ஆறு மாதம். ஐயாயிரம் வெள்ளிக்கு அடகு வைத்தால் மாதம் நூறு. தவணையை நீட்டி நீட்டி ஒரு வருஷம் வட்டி மட்டும் கட்டினால் 1,200 வெள்ளி போயிருக்கும், முதல் அப்படியே நிற்கும். இந்தக் கூட்டல் நம் எல்லாருக்கும் தெரியும், ஆனால் போட்டுப் பார்ப்பதில்லை. அடகு போதாமல் கூட்டு எனப்படும் சீட்டுப் பிடிக்கிறோம். கூட்டைத் தொழிலாக நடத்துவதை 1971-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. பிடித்தவர் ஓடிவிட்டால் போலீசுக்குப் போகவும் நமக்குத் தயக்கம். அடுத்த படி ஆலோங் எனும் உரிமமில்லாத வட்டிக்காரர்.

ஊழியர் சேமநிதிக்கு வருவோம். 1951 முதல் இந்நாட்டில் கூலிக்காரனுக்கும் முதுமைக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. கோவிட் காலத்தில் அதைத் திறந்துவிட்டார்கள். நாடு முழுவதும் நான்கு சுற்றுகளில் ஏறக்குறைய 14,500 கோடி வெள்ளி வெளியே வந்தது. அடுப்பெரியாத வீடுகள் எடுத்ததில் குற்றமில்லை. சம்பளம் தடையின்றி வந்துகொண்டிருந்த வீடுகளும் எடுத்து, காருக்கு விளக்கும் சக்கரமும் மாற்றியதை நாம் பார்த்தோம், யாரும் வாய் திறக்கவில்லை. 2024 மே மாதத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கும் வந்துவிட்டது. அதில் விழுவதைப் போனஸ் என்று நினைக்கிறவர்கள் நம்மில் உண்டு.

இதைவிட மோசமான அசட்டை ஒன்று இருக்கிறது. சேமநிதிக்கு நியமனதாரர் பெயர் கொடுப்பது ஒரு பாரம் நிரப்பும் வேலை. இருபது வயதில் முதல் வேலைக்குப் போனபோது அம்மா பெயரைப் போட்டவர், கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அம்மாவும் காலமான பிறகும் அதைத் தொடவில்லை. திடீரென்று அவர் போய்ச் சேர்ந்தால், மனைவி துக்கத்தோடு துக்கமாக வக்கீல் அலுவலகப் படிக்கட்டு ஏற வேண்டியிருக்கிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு எத்தனை வகைக் கறி என்று பேசுகிற நாம், உயிரோடிருக்கும்போது இந்தப் பாரத்தைப் பற்றிப் பேச அபசகுனம் பார்க்கிறோம்.

எல்லாச் சுமையையும் பெண்கள் தலையில் கட்டியதும் நாம்தான். சம்பளச் சீட்டைக் காட்டாத கணவன், கொடுத்த காசில் சமாளிக்காத மனைவியைக் குறை சொல்கிறான். கார்க் கடன் ஒன்பது வருஷத்துக்கு எழுதப்பட்டது அவளுக்குத் தெரியாது. பள்ளிக் கட்டணத்துக்காக வளையல் போனது அவனுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கோ இரண்டுமே தெரியாது, கேட்டால் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே என்போம். அந்தப் பிள்ளை வளர்ந்து முதல் சம்பளம் வாங்கி, தவணைக்குக் கைப்பேசி வாங்கினால் நமக்கு ஆச்சரியம்.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. கோலாலம்பூரில் வாடகையும் பெட்ரோலும் போக இதில் எதைச் சேமிப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சேமிக்க முடியாத வீடுகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. சம்பளம் உயர வேண்டும் என்ற வழக்கு தனியே நடக்கட்டும். ஆனால் இல்லாத வீட்டைவிட, இருந்தும் கணக்கில்லாத நடுத்தர வீடுகளே இந்தச் சுயவிமர்சனத்துக்கு முதலில் தலைகுனிய வேண்டியவை. அவற்றைவிட, படித்த நாம். வக்கீல்களும் கணக்காளர்களும் வங்கி அதிகாரிகளும் நம்மிடம் இருக்கிறார்கள். கோயில் தலைவர் பதவிக்கு நிற்கிற அவர்கள், அதே கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டு உட்கார்ந்து பாரம் நிரப்பித் தரக் கூடாதா? பத்திரிகைக்காரர்களாகிய நாமும் பொன்னாடைப் படங்களுக்குக் கொடுக்கிற இடத்தில் ஒரு மூலையை அடகு வட்டிக் கணக்குக்குக் கொடுத்திருக்கலாம்.

ஆகவே செய்ய வேண்டியவை சிறியவை. மாதம் ஒருமுறை இரண்டு சம்பளச் சீட்டும் எல்லாக் கடன் சீட்டும் சாப்பாட்டு மேசைக்கு வரட்டும், பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் கூட உட்காரட்டும். நியமனதாரர் பெயரை இந்த மாதமே சரிபார்ப்போம். விசேஷத்துக்கென்று நகை அடகுக்குப் போகாது என்று குடும்பம் கூடி முடிவெடுக்கட்டும். சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம் வரும். வட்டி கட்டும்போது அவர்கள் யாரும் உடன் வந்ததில்லை.