எது சங்கீதம்?

நம் திண்டுக்கல் தோல் பதனிடும் ஊர். அந்தத் தோலைத் தொட்டு உழைப்பவன் தீட்டாம். அதே தோல் மிருதங்கமாகிச் சபா ஏறினால் தெய்வீகமாம். பறையாகித் தெருவில் முழங்கினால் இழவாம்!

1973-ல் நியூயார்க் நகரின் கறுப்பர் தெருவில் பிறந்தது ஹிப்-ஹாப். ராக ஆலாபனையின்றித் தாளத்தின்மேல் பேச்சையே பாட்டாக்கும் அம்முறையில், அறிவு பாட, ஒஃப்ரோ இசையமைக்க, 2019-ல் 'தெருக்குறல்' வெளிவந்தது. 'ஆன்டி இண்டியன்', 'கள்ள மௌனி' என்பவை அதிலுள்ள பாட்டுகள். கேள்வி கேட்பவனைத் தேசத்துரோகி என்போருக்கும், கண்டும் வாய் மூடிக் கிடப்போருக்கும் அதில் பதில் உண்டு.

"இது சங்கீதமா?" என்கிறார்கள். மேடையில் தமிழ்ப் பாட்டையே துக்கடா என்று ஒதுக்கிய கூட்டமல்லவா! பாடுகிறவன் யார் என்பதே அவர்கள் ஆத்திரம்.

வாலிபர்களே, கேட்டுத் தலையாட்டினால் போதுமா? உங்கள் வீட்டுக் கலியாணத்தில் பறை முழங்குமா?